இருபத்தெட்டு டிகிரி

தளி ரோடு, ஓசூர்
டிசம்பர் 7

அன்பு மகள் மோகனப்ரியாவுக்கு, அப்பா பாஸ்கரன் எழுதிக்கொள்வது.

நானும் அம்மாவும் சுகம். உன் விளையாட்டு விடுதியில் இப்போது சாப்பாடு பரவாயில்லை என்று அம்மா சொன்னாள், நிம்மதி. ஞாயிற்றுக்கிழமை போனில் அவளிடம் அரை மணி நேரம் பேசுகிறாய். போன் என் கைக்கு வந்ததும் வார்டன் கூப்பிடுகிறார் என்று வைத்துவிடுகிறாய். அந்த வார்டன் எப்படித்தான் நேரம் பார்த்துக் கூப்பிடுகிறாரோ! அதனால்தான் கடிதம். இதை நடுவில் வைக்க முடியாது பார்.

அரைப் பரீட்சை லீவுக்கு வரமாட்டேன் என்றாயாம். பத்து நாள் தண்ணீரில் இறங்காவிட்டால் ஜனவரி அணித் தேர்வு போய்விடும், தளிக் குளிரில் எங்கே நீந்துவது என்று கேட்டாயாம். நியாயம்தான். போன டிசம்பரில் ஸ்கூல் நீச்சல் குளத்தின் கரையில் நீ நடுங்கி நின்றபோது, "குளிரெல்லாம் மனசுலதான், எறங்கு" என்று விரட்டியவன் நான். ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டுக்கொண்டு சொன்னேன். காய்ச்சலில் விழுந்ததும் தேர்வைக் கோட்டைவிட்டதும் நீ.

சேதிக்கு வருகிறேன். அந்தக் குளத்துக்கு வெந்நீர் போட்டாயிற்று!

ஸ்கூல் ஹாஸ்டலில் சோலார் வந்தபிறகு பழைய விறகு பாய்லர் சும்மா கிடந்தது. உனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்த ரஞ்சிதா மேடம் நிர்வாகத்திடம் பேசி அனுமதி வாங்கித் தந்தார். ஃபாக்டரியில் பாய்லர் ஓட்டுகிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று, குளத்துத் தண்ணீரை நேராக பாய்லருக்குள்ளேயே விட்டேன். குளோரின் இரும்பை அரித்துவிடும் சார் என்று மேடம் சொன்னார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ்காரன் காதில் அது ஏறுமா? மூன்றாம் நாள் குளம் முழுக்க துருவேறி டீ மாதிரி ஆகிவிட்டது. சர்க்கரை போடாததுதான் பாக்கி.

மேடம் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. லீவு போட்டுத் தண்ணீரை வடித்து, நானே இறங்கித் தேய்த்தேன்.

அப்புறம் சிப்காட் பக்கம் பழைய சாமான் கடையில் ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர் கிடைத்தது. பெட்டிக்குள் மெல்லிய ஸ்டெயின்லெஸ் தகடுகள். தகட்டுக்கு ஒரு பக்கம் பாய்லர் வெந்நீர், மறுபக்கம் குளத்துத் தண்ணீர். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை, சூடு மட்டும் தாண்டிப் போகும். நாம் இரண்டு பேரும் ஒரு வருஷமாக அம்மா வழியாகப் பேசிக்கொள்கிறோமே, அப்படி. நான் தகடு இல்லை, மனுஷி என்கிறாள் அம்மா.

புதுத் தண்ணீர் நிரப்பிய அன்று காலையில் வெப்பமானி பத்தொன்பது டிகிரி காட்டியது. யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து லுங்கியோடு இறங்கினேன். எனக்கு நீச்சல் தெரியாது, உனக்கே தெரியும். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் நின்றேன். பல் கிட்டித்தது, நெஞ்சை அடைத்தது. அந்தக் குளிர் மனசில் இல்லை பாப்பா. கால் எலும்பில் இருந்தது. கரையேறி உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். இது அம்மாவுக்குத் தெரியாது.

சானமாவுக் காட்டுப் பக்கம் ரோட்டில் யானை இறங்கியதால் விறகு வண்டி ஒரு நாள் தாமதம். வந்த அன்றே மூட்டினேன். ஆனால் சாயங்காலம் ஏறுகிற இரண்டு டிகிரி, விடிவதற்குள் இறங்கிவிடும். எங்கே ஓட்டை என்று நான் குழாய் குழாயாகத் தடவிக்கொண்டிருந்தேன். பக்கத்து ரோஜாத் தோட்டத்துத் திம்மப்பன் வந்து பார்த்தார். "ரோசாச் செடிக்கே நாங்க கூடாரம் போடறோம், தண்ணியத் தொறந்து போட்டா வானம் இழுத்துக்காதா சாமி" என்று சிரித்தார். தன் பாலி ஹவுஸில் கழற்றிப் போட்டிருந்த பிளாஸ்டிக் ஷீட்டைக் கொண்டுவந்து, குளத்தின் மேல் விரித்துக் கட்டிக் கொடுத்தார். இந்த முறை நான் சொன்னபடி கேட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

நேற்றுக் காலை ஷீட்டை விலக்கினோம். இருபத்தெட்டு! ஆவி பறக்கிறது. ரஞ்சிதா மேடம் விசில் ஊதினார், ஹாஸ்டல் பிள்ளைகள் தொப்பு தொப்பென்று குதித்தார்கள். உன் அம்மா புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தவள், டிபன் ஆறிப்போகும் என்று கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. திம்மப்பன் கையை விட்டுப் பார்த்து, இனி வீட்டில் குளிக்கப் போவதில்லை என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

லீவு முடியும்வரைக்கும் விறகு அடுக்கிவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு. நீ நன்றாக இருக்க வேண்டும், அது போதும் எனக்கு. நீந்தத்தான் வரவேண்டும் என்று இல்லை பாப்பா. வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்து காலை நனைத்தாலும் சரி. இறங்கு என்று இந்தமுறை சொல்லமாட்டேன்.

பாய்லர் பக்கத்திலிருந்து,
உன் அப்பா
பாஸ்கரன்