அப்பா போட்ட எண்பத்து நாலு

ஜூன் 8, 1987. திங்கள்

மிஸஸ் கார்வர் இன்றும் என்னை "ஷை" என்றுதான் கூப்பிட்டாள். ஷ்யாமளா என்று முழுசாகச் சொன்னால் அவள் வாயில் என்ன சுளுக்கா பிடித்துக்கொள்ளும்? ஜியாகிரபி டீச்சருக்கு உலகத்தில் எந்த ஊர் பெயர் வேண்டுமானாலும் வருகிறது, என் பெயர் மட்டும் வராது.

திருச்சியில் பத்தாவது முடித்து ப்ளஸ் ஒன்னில் பாதி படித்தவளை, பிப்ரவரியில் இந்த நாட்டுக்கு வந்ததும் ஒன்பதாவதில் உட்கார வைத்தார்கள். கணக்கு, சயின்ஸ் எல்லாம் இப்போது அவர்களுக்கே திருப்தி. ஜியாகிரபி ஃபைனலில் எண்பத்தைந்துக்கு மேல் வாங்கினால் செப்டம்பரில் நேரே பதினொன்றாவது. இல்லாவிட்டால் பத்தாவது. நான் ஏற்கெனவே படித்துத் தொலைத்த பத்தாவது.

ஜூன் 12. வெள்ளி

அப்பா சாப்பாட்டு மேசை முழுக்க அட்லஸை விரித்து வைத்திருக்கிறார். குழம்புப் பாத்திரம் வைக்க இடமில்லை. பரீட்சை எனக்கா, அவருக்கா?

ஜூன் 16. செவ்வாய்

முடிந்தது. ஐம்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மார்க். விடையைத் தனித் தாளில் குறிக்க வேண்டும். மணி அடித்ததும் "மேசையில் வைத்துவிட்டுப் போங்கள்" என்றாள் மிஸஸ் கார்வர். விடைத்தாளை வைத்தேன். கேள்வித்தாளை நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். திருச்சியில் வேறெப்படிச் செய்தோம்? கேள்வித்தாள் இல்லாமல் போனால் அப்பா வாசற்படியிலேயே நிற்க வைத்துவிடுவார்.

இன்றும் அதே. ஆபீஸிலிருந்து வந்தார், ஷூவைக்கூடக் கழற்றவில்லை. "கொஸ்டின் பேப்பர் எங்கே?" சிவப்புப் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தார். "சொல்லு, ஒண்ணாவது என்ன போட்டே?"

அப்பாவிடம் ஒரு சட்டம் உண்டு. சந்தேகம் இருந்தால் தப்பு. என் கணக்கில் தொண்ணூறு வந்தது. அவர் கணக்கில் எண்பத்து நாலு. பெற்ற பெண்ணுக்கு மார்க் போடுவதில் இப்படி ஒரு கஞ்சத்தனம்.

பொலிவியாவின் தலைநகரில்தான் பெரிய சண்டை. சுக்ரே, லா பாஸ் இரண்டுமே விடைகளில் இருந்தன. நான் சுக்ரே என்று குறித்திருந்தேன். அட்லஸில் இரண்டு ஊருக்குமே தலைநகர்க் குறி போட்டிருக்கிறது.

"அவ லா பாஸ்னுதான் வெச்சிருப்பா. இது போச்சு."

"நான் போட்டது சரிப்பா."

"சரியா இருந்தா மட்டும் போறுமா? திருத்தறவ ஒத்துக்கணும். இந்த ரெண்டு மார்க் கிடைச்சா எண்பத்தாறு. நான் பேசிக்கறேன்."

வேண்டாம் என்றேன். என் பேச்சை இந்த வீட்டில் யார் கேட்டார்கள்?

ஜூன் 17. புதன்

கேட்கவில்லை. ஆபீஸ் போகிற வழியில் பள்ளிக்கூடத்தில் காரை நிறுத்தி, மிஸஸ் கார்வர் முன்னால் அட்லஸை விரித்து, பக்கத்தில் கேள்வித்தாளையும் வைத்திருக்கிறார். முழுக்கச் சிவப்புக் குறி. கடைசியில் 84, கீழே இரண்டு கோடு.

மத்தியானம் வீட்டுக்கு போன் வந்தது. நாளை நானும் அப்பாவும் பிரின்சிபாலைப் பார்க்க வேண்டுமாம்.

ஜூன் 18. வியாழன்

திருட்டு. அந்த வார்த்தையைத்தான் பிரின்சிபால் சொன்னார். கேள்வித்தாள் அறையை விட்டு வெளியே போகக்கூடாதாம். அதே தாளை இன்னொரு வகுப்புக்கு இன்று கொடுப்பதாக இருந்தார்களாம். எனக்கு ஃபைனலில் பூஜ்யம்.

நான் வாங்கியது எவ்வளவு என்று கேட்டேன். எண்பத்தெட்டு என்றாள் மிஸஸ் கார்வர். அவளுடைய விடைப் பட்டியலிலும் சுக்ரேதான் இருந்ததாம்.

எண்பத்தெட்டு! கைக்கு வந்திருந்தது. இந்த மனுஷன் வாயை மூடிக்கொண்டு நேராக ஆபீஸுக்குப் போயிருந்தால் போதும்.

அதுகூடப் போகட்டும். பிரின்சிபால் அப்பாவைப் பார்த்து, "நீங்கள் எடுத்து வரச் சொன்னீர்களா?" என்று கேட்டார். அப்பா மேசையைப் பார்த்துக்கொண்டு "நோ" என்றார்.

நோ!

காரில் சொல்கிறார்: "க்ரீன் கார்டு அப்ளை பண்ணியிருக்கோம். எங்கேயாவது என் பேர் பதிவாயிடுத்துன்னா? நீ குழந்தை, விட்டுடுவா."

இனிமேல் இவரோடு பேசப்போவதில்லை. திருடி என்று எழுதி வைத்துக்கொள்ளட்டும். திருடியின் அப்பா உத்தமர்.

ஜூன் 20. சனி

அம்மா வழியாகத்தான் பேசுகிறார். "அவளை சாப்பிடச் சொல்லு." பசித்தால் எனக்கே தெரியும்.

ஜூன் 23. செவ்வாய்

காலையில் அப்பா வேலை இன்டர்வியூவுக்கு வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். பத்து மணிக்கே திரும்பி வந்து, தோட்டத்துக் குழாயடியில் காரைக் கழுவிக்கொண்டிருந்தார். அம்மாதான் வந்து சொன்னாள்: "நான்தான் கொண்டுவரச் சொன்னேன், அன்னிக்குப் பொய் சொல்லிட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு பிரின்சிபால்கிட்ட கொடுத்துட்டு வந்திருக்கார்டி."

பூஜ்யத்தை எடுத்துவிடுவார்களாம். ஆனால் எண்பத்தெட்டு திரும்பி வராது. ஆகஸ்டில் புதுக் கேள்வித்தாளில் மறுபடி எழுத வேண்டும்.

அஞ்சு நாள் லேட். மன்னித்துவிட்டேன் என்று இதில் எழுத மாட்டேன்.

ஆகஸ்ட் 20. வியாழன்

எழுதிவிட்டேன். விடைத்தாள், கேள்வித்தாள், பென்சில் எல்லாவற்றையும் மேசையிலேயே வைத்துவிட்டு, பையைத் திறந்து மிஸஸ் கார்வருக்குக் காட்டினேன். "தேவையில்லை, ஷ்யாமளா" என்றாள். முகம் சிவந்துவிட்டது அவளுக்கு. சிவக்கட்டும்.

அப்பா வெயிலில் காரோடு நின்றிருந்தார். ஏறி உட்கார்ந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு சிக்னல் தாண்டியும் கேட்கவில்லை. ரேடியோவைப் போட்டார், அணைத்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஸ்டியரிங்கைத் துடைத்தார்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். ஜூனுக்கப்புறம் அவரிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"எண்பத்தாறு வரும்."

ஆறு மார்க் குறைப்பார் என்று காத்திருந்தேன்.

"வரும்" என்றார் அப்பா.