சிவப்புப் பெருக்கல் போட்ட நாட்கள்

தை 2, வெள்ளி. விடியக்காலம் நல்ல பனி.

வா நோட்டே, சௌக்கியமா? சாப்பிட்டாச்சா? எனக்கு நேற்றைய பொங்கல் இன்னும் நெஞ்சிலேயே நிற்கிறது. மாட்டுக்குக் கொம்பில் வர்ணம் பூச வேண்டும். அதற்குள் உன்னோடு நாலு வார்த்தை.

உன்னை என் கையில் கொடுத்துவிட்டுப் போனவள் என் மகள் மலர். "போன்ல பத்து நிமிசமும் ஒங்க கதையிலயே ஓடிப்போகுதுப்பா. சொல்ல நெனைக்கிறத இதுல எழுதிட்டு, போன்ல என்னையும் கொஞ்சம் பேச விடுங்க." எனக்கு எழுத்துக் கூட்டக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான், மூணாப்பு படிக்கும்போது. நான் பள்ளிக்கூடத்தை வெளியே நின்று பார்த்ததோடு சரி.

அவள் இப்போது தென்துருவத்தில். பனிக்கட்டி அளக்கிற வேலை. வியாழன்தோறும் கூப்பிடுவாள். நாம் கூப்பிட முடியாது. நேற்றும் வந்தது.

"நெலத்து மேல மாவட்டம் மாவட்டமா ஐஸ் உக்காந்திருக்குப்பா. ஓரம் மட்டும் கடல்ல மெதக்குது. கடல் ஏறுனா ஓரம் தூக்கும், எறங்குனா எறங்கும். அந்த வளையுற எடத்துல வெடிப்பு விடும். அதத் தாண்டிப் போயி மிசினு வெக்கணும், அதான் எந்த நாளுன்னு..."

அவள் முடிக்கவில்லை. நாள் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு வாய் நிற்குமா?

"தாயி, ஞாயித்துக்கிழம நெறஞ்ச அமாவாசை. அன்னைக்குக் கெளம்பு. அஷ்டமி நவமியில காலெடுத்து வெச்சுராத."

"அப்பா, அது வந்து..."

அதற்குள் என் தாய்மாமன் கதையை ஆரம்பித்துவிட்டேன். அஷ்டமியன்று ஆடு விற்க மேலூர் சந்தைக்குப் புறப்பட்டவர், பஸ் மாறி ஏறி, சமயநல்லூரில் இறங்கி, ஆடு ஒரு பக்கம் மாமா ஒரு பக்கமாக... ஆடு கிடைத்ததைச் சொல்லும் முன்பு நேரம் முடிந்தது. கடைசியாக "சரிப்பா" என்றாள். லைன் கட்.

சரிப்பா என்றால் செய்வாள். போகும்போது அவள் பெட்டியில் தினசரி காலண்டர் ஒன்று வைத்து, அஷ்டமி நவமித் தாளிலெல்லாம் சிவப்பு மையில் பெருக்கல் போட்டுக் கொடுத்திருக்கிறேன். நிம்மதி.

தை 4, ஞாயிறு. அமாவாசை. வெயில்.

காலையில் கண்மாயில் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும். இன்று மகள் நல்ல நாளில் கிளம்பியிருப்பாள் என்று சந்தோஷம். மேலூர் பஸ் ஸ்டாண்டு வரை போனேன். வெற்றிலை, டார்ச் செல்.

மீன்காரன் காதர் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன காதரு, ஞாயித்துக்கிழமையும் அதுவுமா?"

"தை அமாவாசையில ஒங்காளுக மீனப் பாத்தாலே மொகத்தத் திருப்புறாக. ஐஸுதான் கரையுது கதைக்காரண்ணே. தொண்டியிலயும் கடலுக்குப் போகல. மச்சினன் படக மேல ஏத்திக் கட்டிட்டான்."

"ஏன்?"

"அமாவாசைத் தண்ணி, பௌர்ணமித் தண்ணி வந்தா கடல் அம்புட்டு ஏறும், அம்புட்டு வத்தும். அஷ்டமி நவமிக்குத்தான் சாதுவா அடங்கிக் கெடக்கும். அதுலயும் முன்ன கட்டுன எடம் இப்பப் பத்தலையாம். கரைய இன்னும் தின்னுட்டு வருதுங்கறான்."

மலர் சொன்னது அப்போதுதான் உறைத்தது. 'கடல் ஏறுனா தூக்கும், வளையுற எடத்துல வெடிப்பு விடும்.' நான் அனுப்பியது எந்த நாளில்?

"எங்க தொண்டி, எங்க தென்துருவம். அங்கயுமா?"

"கடலு ஒண்ணுதானேண்ணே. நெலாவும் ஒண்ணுதான். ஏன், ஒரு மாதிரி ஆயிட்டீக?"

ஒன்றுமில்லை என்று கிளம்பி வந்துவிட்டேன். வெற்றிலையை அங்கேயே வைத்துவிட்டேன். மலரின் ஆபீஸ் நம்பருக்குப் போனில் அடித்தேன். மணி மட்டும் போகிறது. ஞாயிற்றுக்கிழமை.

என் வீட்டுக்காரி பாக்கியத்திடம் சொல்லவில்லை. சுண்டக்காய் வத்தல் குழம்பு. பாதியில் கை கழுவினேன்.

தை 6, செவ்வாய். மேகமூட்டம்.

ஆபீஸில் ஒரு பிள்ளை போனை எடுத்தது. "அங்க காத்து அதிகங்க, மூணு நாளா தொடர்பு இல்ல. வந்ததும் சொல்றோம்." மரியாதையான பிள்ளை. மரியாதையை வைத்து என்ன செய்ய.

நான் கண்மாய் நீர்பாய்ச்சி. மடை திறப்பதும் மூடுவதும் யார் வயலுக்கு எவ்வளவு என்று பார்ப்பதும் என் வேலை. கால்வாய்த் தண்ணீர் வந்து கண்மாய் ஒரு சாண் ஏறியிருக்கிறது. ஆகாயத்தாமரை பாய் விரித்த மாதிரி அடைத்துக் கிடக்கிறது. ஒரு பக்கம் கரைச் சேற்றில் ஊன்றி உட்கார்ந்திருக்கும், மறு பக்கம் மிதக்கும். முப்பது வருடமாகப் பார்க்கிறேன். இன்றைக்குத்தான் பார்த்தேன்.

நேற்று சேற்றில் உட்கார்ந்திருந்த இடம் இன்று தூக்கிக்கொண்டது. ஊன்றியதற்கும் மிதப்பதற்கும் நடுவே, மடங்குகிற இடத்தில், பாய் கிழிந்திருக்கிறது. கையை விட்டுப் பார்த்தேன். அடியில் தண்ணீர் புகுந்து சேற்றையும் வேரையும் அரித்திருக்கிறது. மடையைத் திறந்து நாலு விரல் இறக்கிப் பார்த்தேன். பாய் இறங்கியது. ஆனால் பழைய இடத்தில் உட்காரவில்லை.

ஓகோ. கடல் பனியை மேலிருந்து தின்பதில்லை. நாளுக்கு இரண்டு தரம் தூக்கித் தூக்கி, அடியில் நுழைந்து, கால் ஊன்றின இடத்தைத் தின்கிறது. கடல் மட்டமே ஒரு விரல் கூடினால், பனி வெகுதூரம் காலைப் பின்னால் எடுத்து வைக்கும். பின்னால் பள்ளமாக இருந்தால் தண்ணீர் மேலும் மேலும் உள்ளே போகுமே? கேட்க வேண்டும்.

அந்தக் கிழிசலில்தான் என் மகள் நடக்கிறாள். நான் நாள் பார்த்துக் கொடுத்து.

தை 8, வியாழன்.

போன் வரவில்லை. மாலை ஆறு வரை போனை மடியிலேயே வைத்திருந்தேன்.

பாக்கியத்திடம் சொல்லிவிட்டேன். முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"நாலு ஊருக்குக் கதை சொல்லுற வாயி, பெத்த மக சொல்ல வந்தத ஒரு நிமிசம் கேக்கலையாக்கும்."

"கேக்கல."

"மாமன் ஆட்டக் காணாப்போட்ட கதையவா சொன்னீக?"

"ஆமா."

"ஆடு கெடச்சுச்சா?"

"கெடச்சுச்சு."

முறத்தை ஒரு தட்டு தட்டிவிட்டு அவளே: "அவ ஒங்களுக்கு மட்டுமா மக? எங்கிட்ட எத்தன தடவ 'சரிம்மா'ன்னா. வடக்க போகாதன்னேன், சரிம்மான்னா. கப்பலேறாதன்னேன், சரிம்மான்னா. ஒண்ணாச்சும் கேட்டாளா?"

சிரித்துவிட்டேன். பிறகு பார்த்தால் அவள் உளுந்தோடு கல்லையும் சேர்த்துப் புடைத்துக்கொண்டிருக்கிறாள். கண் தெரியவில்லை அவளுக்கு.

தை 11, ஞாயிறு.

ஒன்றும் இல்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன்.

மலரிடம் கேட்க வேண்டியவை:
பின்னால் பள்ளமா மேடா.
சாப்பாடு.
கம்பளிக் காலுறை பத்துகிறதா.
என் மேல் கோபமா.

தை 13, செவ்வாய். நவமி. காலை 10.

நோட்டே! கேட்டியா! பேசினாள்! செவ்வாய்க்கிழமை, நவமி, எமகண்டம் எல்லாம் எங்கேயோ கிடக்கட்டும். பேசினாள்!



"அப்பா, காத்துல ஆன்டெனா சாஞ்சிருச்சு. அதான் லைன் இல்ல. நல்லாருக்கேன். நேத்துப் போயி மிசின வெச்சுட்டுத் திரும்பிட்டோம்."

"நேத்தா? அமாவாசைக்குப் போகலையா தாயி?"

"அமாவாசைக்கு எவன் போவான்? கடல் ரொம்ப ஏறி எறங்குற நாளுல்ல அது? அன்னைக்கு டென்டுக்குள்ள ரம்மி ஆடிக்கிட்டிருந்தோம். அத அன்னைக்கே சொல்ல வந்தேன், நீங்க மாமாவ ஆட்டோட பஸ்ஸுல ஏத்திட்டீக."

"நேத்து அஷ்டமியாச்சே."

அவள் சிரித்த சிரிப்பு பக்கத்து வீடு வரை கேட்டிருக்கும்.

"அரை நெலாவுக்குத்தாம்ப்பா கடல் அடங்கும். இங்க சூரியன் எறங்கவே மாட்டேங்குது, நெலாவே கண்ணுக்குத் தெரியல. எங்க ஆளுக கடல் கணக்குப் பொஸ்தகம் வெச்சிருக்காக. ஒங்க காலண்டர டென்டுல மாட்டிருக்கேன். ரெண்டையும் வெச்சுப் பாத்தா, நீங்க செவப்புல பெருக்கல் போட்ட நாளெல்லாம் பெரும்பாலும் எங்களுக்குப் போற நாளு. எங்க தலைவரு இப்பப் பொஸ்தகத்த எடுக்கறதுக்கு முந்தி, 'மலரோட அப்பா பெருக்கல் எப்பப் போட்டிருக்காரு'ன்னுதான் கேக்குறாரு."

போகாதே என்று போட்ட குறி. அதைப் பார்த்துத்தான் போயிருக்கிறார்கள். அதனால் திரும்பி வந்திருக்கிறார்கள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. பாக்கியம் போனைப் பிடுங்கிக்கொண்டு, "சாப்டியாடி" என்றாள்.

திரும்ப வாங்கி, ஆகாயத்தாமரையைச் சொன்னேன். ஒரு நிமிஷத்தில் முடித்தேன்.

"அதேதாம்ப்பா. போன வருசம் வந்தவக கம்பு நட்ட எடத்துல ஐஸ் தரையில உக்காந்திருந்துச்சு. இப்ப அதுக்கு அடியில கடல் நிக்குது. பின்னால பள்ளந்தான்."

அதைக் கேட்டதும் ஒரு மாதிரி இருந்தது. பனி இப்படிப் போனால் தொண்டிக்காரன் படகை எங்கே கட்டுவான்? இருந்தாலும் இன்றைக்கு என் மகள் தரையில் ஊன்றின பனியில் நிற்கிறாள். இன்றைக்கு இது போதும்.

காதரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். ஒரு கிலோ சங்கரா கையில் திணித்தான். நவமியில் மீன் குழம்பு.

தை 15, வியாழன். காற்று இதமாக.

மிசினை எடுக்க மறுபடி அந்த வெடிப்பைத் தாண்ட வேண்டுமாம். தேய்பிறை அஷ்டமியை ஒட்டி. வீட்டுக் காலண்டரிலும் அந்தத் தாளைத் தேடிப் பிடித்தேன். அதிலும் நான் போட்டிருந்த பெருக்கல் மேல் மஞ்சள் தடவியிருக்கிறேன். பாக்கியம் பார்த்துவிட்டுக் குங்குமமும் வைத்துவிட்டுப் போனாள்.

தாய்மாமன் கதையில் ஒரு திருத்தம். அந்த ஆடு அன்று தொலைந்ததால்தான் அறுபடாமல் தப்பி, பிறகு ஏழு குட்டி போட்டது. இத்தனை வருடம் அதை ஏன் நான் கதையில் சேர்க்கவில்லை என்று

இந்தா, பாக்கியம் கத்துகிறாள். "ஏங்க, போனு! மலரு!" வாரேன் வாரேன். நோட்டே, சத்தியம், இன்றைக்கு முதலில் அவள்தான் பேசுவாள், நான் வாயைத்