சந்தனம் வைத்த ஹார்டு டிஸ்க்

இன்று காலை ஆயுத பூஜைக்காக ஆபீசில் சந்தனம் குழைத்தார்கள். வாசனை என் மேஜை வரை வந்தது. எதிரே கம்ப்யூட்டரில் அந்தக் கறுப்பு ஹார்டு டிஸ்க்கைச் சோதித்துக்கொண்டிருந்தேன். பச்சைக் கோடு பாதி தூரம் வந்திருந்தது. பூஜை போடுவதற்கு முன்னால் டிஸ்க்கில் எரர் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும் என்பது நீ கொண்டுவந்த பழக்கம். நீ போய் இரண்டு வருஷமாகிறது. பழக்கம் உன்னுடையது, உட்கார்ந்து செய்கிறவள் நான். அதுவே எனக்கு எரிச்சல்தான், மறைப்பானேன்.

ராயபுரத்தில் நம் ஆபீசுக்கு நீ வந்தபோது நான் அங்கே நாலு வருஷம் பழசு. துறைமுகத்தில் இறங்குகிற சரக்குக்குப் பத்திரம் தயாரிக்கிற வேலை. எந்தச் சரக்கு எந்தக் கப்பலில் வந்தது என்று கேட்டால் ஃபைலைத் திறக்காமலே சொல்வேன். நீ திருவொற்றியூர் குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வந்தாய், தலை நிறையக் கனகாம்பரத்தோடு. ஆறே மாதத்தில் போனில் கூப்பிடுகிறவர்கள் எல்லாம் "அந்தப் பொண்ணு இருக்குதா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். மத்தியானம் நீ நெத்திலி வறுவல் டப்பாவைத் திறந்தால் மொத்த ஆபீசும் உன் மேஜையைச் சுற்றி நிற்கும். நானும் நின்றேன், தின்றேன், உள்ளுக்குள் வெந்தேன்.

அப்போதுதான் சார் இந்த டிஸ்க்கை வாங்கி வந்தார். செங்கல் அளவுக்கு இருந்தது. எல்லாப் பத்திரங்களின் நகலும் இதில் இருக்கும், ஆபீசுக்குள் மழைத் தண்ணீர் புகுந்தாலும் இது பிழைக்க வேண்டும், சனிக்கிழமை ஒருவர் வீட்டுக்கு எடுத்துப் போய்த் திங்களன்று கொண்டுவர வேண்டும் என்றார். நான் கையை நீட்டுவதற்குள், "உன்னாண்டயே இருக்கட்டும்மா" என்று உன்னிடம் கொடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை நீ வந்து சொன்னாய்: "எங்க நைனாவுக்கு இது இன்னான்னே தெரிலக்கா. சாமி மாடத்துல வெச்சி கும்புட்டுகினு கீறாரு." எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வருஷ ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்தது நான்தான். பிரிண்டர், ரப்பர் ஸ்டாம்பு, பீரோ, ஸ்டேப்ளர் எல்லாவற்றுக்கும் வைத்துக்கொண்டே வந்தேன். டிஸ்க்கின் முன்பக்கம் வேண்டிய அளவு இடம் இருந்தது. நான் அதைத் திருப்பி, ஒயர் சொருகுகிற துளையில் ஈரச் சந்தனத்தை வைத்து அழுத்தினேன். தெரியாமல் செய்தேன் என்று எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாயிற்று. தெரிந்துதான் செய்தேன்.

பூஜையில் வைத்ததை விஜயதசமியன்று எடுத்தோம். சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. நீ ஒயரைச் சொருகினால் டிஸ்க் ஒரு நிமிஷம் தெரியும், அப்புறம் காணாமல் போகும். சாருக்கு முகம் சிவந்துவிட்டது. "உள்ள இருக்கறது போச்சுன்னா நாளைலேந்து நீ வர வேணாம்" என்றார். உன் நைனா படகில் வழுக்கி விழுந்து கால் ஒடிந்து வீட்டில் கிடந்த சமயம். உன் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அது எனக்கும் தெரியும்.

நீ அழவில்லை. டிஸ்க்கைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாய். தாவணியிலிருந்து ஊக்கைக் கழற்றித் துளையைச் சுரண்டினாய், ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தாய். பிறகு சோதனையை ஓடவிட்டு, சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் சாயங்காலம் வரை திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாய். நான் உன் பின்னால் டீ கிளாசோடு நின்று வேண்டிக்கொண்டேன். ஒரே ஒரு எரர் வரட்டும், முருகா. வரவில்லை. ஒரு ஃபைல்கூடக் கெடவில்லை.

என்னதான் ஆச்சு என்று சார் கேட்டார். "ஒயரு லூசா இருந்துச்சு சார்" என்றாய்.

பஸ் ஸ்டாப்பில் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, அடுத்த வருசம் டிஸ்குக்கு நான் பொட்டு வெக்கிறேன், நீ மத்ததுக்கு வெய்யி. இன்னா?" என்று சிரித்தாய். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். என்னால் அப்படிச் சிரிக்க முடிந்திருக்காது என்று வீடு போகும் வரை குமைந்தேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு முன்னால் டிஸ்க்கைச் சோதித்துவிட்டு நீயே பொட்டு வைத்தாய். அப்புறம் மஞ்சள் காமாலை வந்து பத்தே நாளில் உன்னைக் கொண்டுபோய்விட்டது. குப்பத்துச் சந்து கொள்ளாத கூட்டம். அன்றைக்கு யாரும் கடலுக்குப் போகவில்லை. அந்த அழுகைக்கு நடுவே நின்றுகொண்டு, நான் செத்தால் இத்தனை பேர் வருவார்களா என்று எண்ணிப் பார்த்தேன். எப்பேர்ப்பட்டவள் பார் நான்.

மறு வாரம் சார் டிஸ்க்கை என் கையில் கொடுத்தார். சந்தோஷப்பட்டேன். கடைசியில் என் அருமை தெரிந்ததே என்று தண்டையார்பேட்டை வரை அதை மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

போன மாதம்தான் சார் பேச்சுவாக்கில் சொன்னார்: "டிஸ்க்கக் குடுக்க நான் வேற ஆளத்தான் நெனச்சிகினு இருந்தேன். ஆஸ்பத்திரில பாக்கப் போனப்ப அந்தப் பொண்ணுதான், அக்காவாண்ட குடுங்க சார், அவங்கள மாதிரி யாரும் பத்ரமா வெச்சிக்க மாட்டாங்கன்னிச்சு."

செய்தது யார் என்று தெரிந்தும் என் பேரைச் சொல்லியிருக்கிறாய். உன் வேலை மேலும், உன்னைச் சுற்றி நின்ற கூட்டத்தின் மேலும் எனக்கிருந்த பொறாமை இந்த இரண்டு வருஷத்தில் ஓரளவு ஆறிவிட்டது. இது ஆறவில்லை. அந்தக் கட்டிலில் நான் படுத்திருந்து, சார் வந்து கேட்டிருந்தால், உன் பேரை நான் சொல்லியிருக்க மாட்டேன்.