நீங்கள் கேட்ட கிணற்றுத் தண்ணீர்

இறக்கக்கண்டி,
வெள்ளி, ஜும்ஆவுக்குப் பிறகு.

அன்பு மகன் நிப்றாஸுக்கு உம்மாவின் ஸலாம். இங்கே எல்லோரும் சுகம், இப்போது சுகம், அல்ஹம்துலில்லாஹ். கட்டாரில் நீங்களும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். போனில் சொல்லப் போனால் பாதியில் அழுதுவிடுவேன், நீங்களும் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவீர்கள், அதனால்தான் நாளைக்கு அங்கே திரும்பும் உங்கள் கூட்டாளி ஸஹாப்தீனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். பிள்ளைக்கு இப்போது ஒன்றுமில்லை, அதை முதலில் மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

போன கிழமை உங்கள் மகள் ஷிஃபானாவுக்குத் தடிமன், மூக்கு ஒழுகுகிறது என்று அம்ரா சொன்னாளே, அது தடிமன் இல்லை மகன். அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான், உங்கள் மனைவியை ஏசாதீர்கள். குளிப்பாட்டத் தூக்கினால் பிள்ளையின் உதடும் நகமும் நாவற்பழம் தின்றதுபோல் நீலம்! ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். ஊசியில் எடுத்த இரத்தம் சிவப்பில்லை, கோப்பி நிறம். யா அல்லாஹ், எதிரிக்கும் அந்தக் காட்சி வேண்டாம். நீலம் பிடித்த பிள்ளைக்கு நீல மருந்தையே நரம்பில் ஏற்றினார்கள், கொஞ்ச நேரத்தில் உதடு சிவந்தது. பால்மா எந்தத் தண்ணியில கரைக்கிறீங்க என்று டொக்டர் கேட்டார். எங்கட கெணத்துத் தண்ணி டொக்டர், தேன்போல, அதையும் திரும்பத் திரும்பக் கொதிக்க வைச்சுத்தான் குடுக்கிறம் என்று பெருமையாகச் சொன்னேன். குழாய்த் தண்ணீரில் மருந்து மணம் என்று அதைப் பாத்திரம் கழுவத்தானே வைத்திருக்கிறோம்.

மறுநாள் சுகாதாரப் பரிசோதகர் முனீப் ஸேர் வந்து, குசினி மேசையில் இருந்த கிணற்றுத் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி ஒரு பொடியைப் போட்டுக் குலுக்கினார். குழாய்த் தண்ணீரையும் இன்னொரு குப்பியில் அப்படியே. அது நிறம் மாறாமல் நின்றது. எங்கள் தண்ணீர் மெல்ல மெல்ல ரோஸாகி, கடைசியில் பீட்ரூட் அவித்த தண்ணீர்போல் ஆனது. ரோஸ் கூடினால் நைத்திரேற்று என்ற உப்பும் கூடுதலாம். வெங்காயத்துக்கு நாம் போடும் உரமும், மலசலகூடக் குழியும் இந்த மணலில் நேரே கிணற்றுக்குத்தான் இறங்குமாம். மணமும் இல்லை, ருசியும் இல்லை, பால்குடிப் பிள்ளையின் இரத்தத்தைத்தான் பிடிக்குமாம். கொதிக்க வைச்சா கிருமிதான் உம்மா சாகும், இது சாகாது, தண்ணி வத்த வத்தக் கூடும் என்றார். வெளுத்ததெல்லாம் பால் என்று இருந்திருக்கிறேன் மகன், சுத்தம் சுத்தம் என்று நானே காய்ச்சிக் காய்ச்சி ஊட்டியிருக்கிறேன்!

மவுத்தாகிப்போன வாப்பாவின் பேரில் ஸதகா தர்மமாக நீங்கள் ரோட்டோரம் வைத்த பைப்புக்கும் அதே கிணறுதானே. அடுத்த வீட்டு சிவரூபிக்கு நிறைமாதம், நேற்றும் குடத்தோடு வந்தாள். தண்ணீர் கேட்டவளுக்கு இல்லை என்று சொன்னேன், இந்த வாசலில் அந்தச் சொல் இதுவரை வந்ததில்லை. என்ன உம்மா, என்னில கோவமோ என்று கேட்டாள். விசயத்தைச் சொன்னதும் குடத்தை வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அந்த பைப்பில் குழாய்த் தண்ணீரைப் பொருத்த ஆள் சொல்லியிருக்கிறேன், வாப்பாவின் பேர் அங்கேயே இருக்கட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள், வெயிலில் தலையை மூடிக்கொள்ளுங்கள். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும். ஊர்த் தேத்தண்ணியின் ருசிக்கு ஒரு போத்தல் கிணற்றுத் தண்ணீர் ஸஹாப்தீனிடம் கொடுத்துவிடச் சொன்னீர்களே, அதைத் தேடாதீர்கள். நிரப்பி, மூடி, உங்கள் பேரும் எழுதி மேசையில் வைத்திருந்தேன். முனீப் ஸேர் குப்பியில் ஊற்றியது அந்தப் போத்தலிலிருந்துதான்.

உங்களுக்காக துஆ கேட்கும் உம்மா,
ஆமினா.