எறும்பின் சாட்சி

இன்று காலை கொல்லைப் பக்கம் போனேன். சிற்றெறும்பு சாரை சாரையாக ஊர்ந்துகொண்டிருந்தது. பார்த்ததும் உங்கள் மேல்தான் கோபம் வந்தது. பழக்கம் போகவில்லை, என்ன செய்ய?

ஸ்ரீபெரும்புதூர் டாக்டர் உங்களுக்குச் சர்க்கரை வியாதி என்று சொன்ன நாளிலிருந்து நம் சமையலே மாறிப்போனது. உங்களுக்கு ஒரு கரண்டிச் சோறு, ராத்திரிக்கு ரேஷன் கோதுமையில் சப்பாத்தி, சர்க்கரை போடாத டீ. உருளைக்கிழங்கை வாசற்படி தாண்ட விடவில்லை. மிச்சமான சர்க்கரையை என் டீயில் தாராளமாகப் போட்டுக்கொண்டேன். முதல் நாள் உங்கள் டீயைக் குடித்துவிட்டு, "இன்னாமே, கஷாயமா?" என்றீர்கள். அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. அதுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. கல்யாணப் பந்தியில் இரண்டாம் தடவை பாயசம் கேட்கிற மனுஷர் வீட்டில் இத்தனை சாதுவாக இருந்தால், வெளியே எங்கோ கவனிப்பு நடக்கிறது என்றுதானே அர்த்தம்?

கம்பெனி பஸ்ஸில் தண்டலத்தில் இறங்கி நடந்து வருவீர்கள். சட்டையைக் கழற்றித் தந்ததும் பையைத் துழாவுவேன். கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் போய்வந்தால், சர்க்கரைப் பொங்கல் நெய் வாசம் அடிக்கிறதா என்று கையை மோந்து பார்ப்பேன். ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் கொல்லையில், நாம் இருவரும் ஒண்ணுக்குப் போகும் ஓலை மறைப்பில், எறும்பு மொய்த்தது. உடம்பில் சர்க்கரை ஏறினால்தான் அங்கே எறும்பு வரும் என்று ஊரே சொல்லும். அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

"இன்னாத்த துன்னீங்க? மறைக்காம சொல்லுங்க."

"ஒண்ணும் துன்னலமே. கம்பவுண்டரு ஒண்ணுக்குல மருந்து ஊத்திக் காய்ச்சிப் பாத்தாரு, நீலமாத்தான் வந்துச்சு. சர்க்கரையே இல்லன்னுட்டாரு."

"தண்ணியப் புடிச்சிக் குடுத்துட்டு வந்தீங்களா?"

நீங்கள் சிரிக்கவில்லை. "எறும்பு சொன்னா நம்புவ, நான் சொன்னா நம்ப மாட்டியா?" என்று கேட்டுவிட்டு, தட்டில் இருந்த கொஞ்சம் சோற்றையும் ஒதுக்கிவிட்டு எழுந்தீர்கள். வீணாகப் போகக் கூடாதென்று அதையும் நானே சாப்பிட்டேன்.

பிறகு ஒருநாள் மார்வலி வந்து, ஒரே பகலில் போய்விட்டீர்கள். துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம், "வாயக் கட்டலயே, திருட்டுத்தனமா துன்னுதான் போய்ச் சேந்தாரு" என்று சொல்லிச் சொல்லி அழுதேன். உங்கள் தங்கை மட்டும் என்னை முறைத்துப் பார்த்தாள்.

இன்று அந்த எறும்புச் சாரையின் பின்னாலேயே போனேன். அது நேராக ஓலை மறைப்புக்குள் நுழைந்தது. "இன்னாத்த துன்னீங்க?" என்று வாய்வரை வந்துவிட்டது. யாரைக் கேட்பது? இந்த வீட்டில் இப்போது நான் ஒருத்திதான்.

உள்ளே வந்து சர்க்கரை இல்லாமல் டீ போட்டேன். முதல் வாய் தொண்டையில் இறங்க மறுத்தது. இதையா இத்தனை வருஷம் ஒரு முனகல்கூட இல்லாமல் குடித்தீர்கள்? இனி இருக்கும்வரை எனக்கும் இதுதான்.

நீங்கள் ஒன்றும் தின்னவில்லை. அதையும் எறும்பு சொல்லித்தான் நம்புகிறேன், பாருங்கள்.