ஊர் ஜீப்புக்கு எந்த டயர்

செப். 26, வெள்ளி

விடியும்போதே புழுக்கம். காற்று துளி இல்லை.

ஊர் ஜீப் இன்றும் புதைந்தது. குப்பத்திலிருந்து தார் ரோடு வரை மூன்று கிலோமீட்டர், அத்தனையும் மணல். சவுக்குத் தோப்புத் திருப்பத்தில் நாலு பேர் தள்ளி வெளியே எடுத்தார்கள். பொன்னேரியில் வீட்டுக்காரருக்கு டயாலிசிஸ், செவ்வாயும் வெள்ளியும் ஒன்பது மணிக்கு. சேர்ந்தது 9.50. நாலு மணி நேரம் ஓட வேண்டிய மிஷின், மூன்று மணி நேரத்தில் நிறுத்தம். அடுத்த ஆள் காத்திருக்கிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

இவர் கால் வீக்கம் வடியவில்லை. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது.

இவர்: "பொதைஞ்சா பொதைஞ்சிட்டுப் போவுது. எனுக்கு இன்னா? குந்திக்கினுதான வரேன்."

வாங்க வேண்டியது: பிளாஸ்டர், டார்ச்சுக்கு செல், சின்ன அளவு டம்ளர் (ஒரு நாளைக்கு மொத்தமே முக்கால் லிட்டர் தண்ணீர்தான்).

ஜீப்பின் நாலு டயரும் வழுக்கை. மாற்ற ஊர் சம்மதித்துவிட்டது. எதை மாற்றுவது என்பதில்தான் தகராறு.

செப். 27, சனி

ஜீப் ஓட்டும் ஏழுமலை வந்தான். எட்டாம் வகுப்பில் என்னிடம் அறிவியல் படித்தவன். பொன்னேரி டயர் கடையில் கேட்டு வந்திருக்கிறான். ஒன்று, பெரிய பெரிய பல் வைத்த டயர், கனத்த இரும்பு ரிம்மோடு. சேற்றுக்கும் பாறைக்குமாம். இன்னொன்று, அதே உயரம், அகலம் அதிகம், பல் குறைவு. அலாய் ரிம். ஒரு கையால் தூக்கிக் காட்டினானாம் கடைக்காரன்.

சந்தேகமே இல்லை, இரண்டாவது. ஊருக்கு எப்படிப் புரியவைப்பது? ஏழுமலையிடம் சொல்லிப் பார்த்தேன். மணலில் உள்ளங்கையை விரித்து வை, நிற்கும். விரலை ஊன்று, இறங்கும். பல் டயர் சுற்றினால் நண்டு வளை தோண்டுகிற மாதிரி தோண்டும். ரிம் கனம்? சேறு அப்பிய காலோடு ஓடிப் பார். பழைய இன்ஜின், அதன் உயிர் பாதி சக்கரத்தைச் சுற்றவே போய்விடும்.

"எனுக்குப் புரியுது டீச்சர். தலைவர் மருமவனுக்கு யாரு சொல்றது? நான் அவுங்க போட்டுல பங்காளு."

தலைவர் வீட்டுப் படகில் மீன் பங்குக்கு வேலை செய்பவன், எப்படிச் சொல்வான்? மருமகன் மாரிக்குப் பல் டயர்தான் வேண்டும்.

செப். 28, ஞாயிறு

கோயில் வாசலில் கூட்டம். பெண்கள் உட்கார்வதில்லை. டீச்சர் என்பதால் எனக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

மாரி போனில் பல் டயர் வீடியோவை நீட்டினான். "பாரு நைனா, மலையே ஏறுது!"

"நம்மூர்ல ஏதுடா மல?" யாரோ பின்னாலிருந்து. ஒரே சிரிப்பு.

நான் உள்ளங்கை, நண்டு எல்லாம் சொன்னேன். கேட்டார்கள். "டீச்சர் சொல்றது பாடத்துக்கு கரீட்டு" என்றான் மாரி. பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம்.

தலைவர்: "சண்ட வேணாம். பாடு பிரிக்கிறாப்ல சீட்டு போட்டுருவோம்."

ஏரியில் எந்த வலை எந்த இடத்தில் என்று சீட்டில்தான் பாடு பிரிப்பார்கள். விழுந்ததை யாரும் மறுத்துப் பேசுவதில்லை. அதனால்தான் அடிதடி இல்லாமல் ஓடுகிறது. மீன் எங்கே வரும் என்று யாருக்கும் தெரியாது, அதற்குச் சீட்டு சரி. தெரிந்த விஷயத்துக்கு எதற்கு? கேட்டேன்.

"டீச்சருக்கு ஊரு மேல நம்பிக்க இல்லியா?" மரியாதையாகத்தான் கேட்டார். 

ஏழுமலை எழுந்தான். "சீட்ட டீச்சரே எழுதட்டும். அவுங்க கை பொதுக் கை." எல்லோரும் சரி என்றார்கள்.

ஒன்றில் 'அகலம்' எழுதினேன். அடுத்ததில் 'பல்' எழுத வேண்டும். இரண்டிலும் 'அகலம்' என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? எடுத்த சீட்டைத்தான் பிரிப்பார்கள். சீட்டுப் போட்ட சொம்பை அப்படியே ஏரியில் கவிழ்ப்பார்கள், மற்றது தண்ணீரில் போய்விடும். இவர் கால் கண்முன் வந்தது. பேனா நின்றது. முப்பத்திரண்டு வருஷம் பரீட்சை அறையில் நின்றவள். கை வரவில்லை, 'பல்' என்றே எழுதினேன்.

தலைவர் எடுத்தார். பல்.

அக். 2, வியாழன்

புது டயர் வந்தது. ஜீப் முன்னைவிட நாலு விரல் உயரம். பிள்ளைகள் போட்டோ. இவரால் காலைத் தூக்கி ஏற முடியவில்லை. ஸ்டூல் எடுத்துப் போக வேண்டும்.

மாரி கடலோரம் ஓட்டிக் காட்டினான். "இன்னா டீச்சர், பறக்குது பாத்தீங்களா?" அலை நனைத்த மண் கெட்டியாக இருக்கும், அங்கே சைக்கிள்கூடப் பறக்கும். சொன்னேன். ஹாரன் சத்தத்தில் போய்விட்டது.

செவ்வாயும் புதைந்தோம், மிஷின் மூன்று மணி நேரம்தான். இவர் எடை கூடியிருக்கிறது. மூன்று கிலோ. எல்லாம் தண்ணீர். படுத்தால் மூச்சு முட்டுகிறது, தலையணை மூன்று வைத்தேன்.

அக். 3, வெள்ளி. பொன்னேரி, ஆஸ்பத்திரி வராண்டா, மதியம்

ஆறு மணிக்கே கிளம்பினோம். அதே திருப்பம். ஏழுமலை ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க இறங்கியது. அச்சு வரை மணல். டயரில் காற்றை இறக்கச் சொன்னேன். கொஞ்சம் நகர்ந்தது, இன்னும் ஆழமாக உட்கார்ந்தது. கடைசியில் இவரை நாற்காலியோடு நாலு பேர் தார் ரோடு வரை தூக்கினார்கள். மாரியும் ஒரு பக்கம். மூச்சு வாங்க வாங்க அவனிடம் இவர்: "மல ஏறிட்டமா மாமே?" மாரி தலை நிமிரவில்லை.

ஆட்டோ பிடித்து வந்து சேர 10.40. நர்ஸ்: "மிஷின வேற ஆளுக்குப் போட்டாச்சும்மா. நாளைக்குக் காலைல வாங்க." ஊருக்குப் போய் எப்படித் திரும்புவது? பெஞ்சிலேயே இருக்கிறோம். நர்ஸ் ஆக்சிஜன் வைத்திருக்கிறாள்.

ஏழுமலை கூடவே வந்தான். டீ வாங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கோச்சிக்காதீங்க டீச்சர். ரெண்டுலயும் அகலம்னு எழுதுவீங்கன்னுதான் உங்கள எழுதச் சொன்னேன்."

டீ டம்ளரைக் கீழே வைத்தேன்.

"எட்டாவதுல பிட்டு வெச்சதுக்கு என்ன முட்டி போட வெச்சவங்க நீங்க. எனுக்குத்தான் புத்தி இல்ல."

இவர் தூங்குகிறார் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமல் கேட்டார். "இவன் சொல்றது நெசமா? எழுதியிருக்க முடியுமா?"

"முடியும்" என்றேன்.

 நர்ஸ் வந்து இவர் விரலில் கிளிப் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்த்தாள். 88, தொண்ணூற்றைந்தாவது இருக்க வேண்டும். மிஷின் நாளைக்கு ஏழு மணிக்காம்.