பூட்டியாச்சா அப்பா?

ஜூன் 4

என் கிரேன்காரருக்கு,

இங்கு நலம் என்று எழுதத்தான் ஆசை. போனில் பேசினால் மகளின் காது இங்கேயே இருக்கும், அதனால்தான் கடிதம். "குட்டி இன்ஸ்பெக்டர்" என்று கொஞ்சுவீர்களே, அவள் கதவுப் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்து உள்ளங்கைத் தோலே உரிந்துவிட்டது. பாதித் தெரு போனவள் திரும்பி ஓடி வருகிறாள். தினமும் மணி அடித்த பிறகுதான் பள்ளிக்குள் நுழைகிறாள். "மனநல டாக்டர்கிட்ட காட்டுங்கம்மா" என்கிறார் மூன்றாம் வகுப்பு டீச்சர். என்ன சொல்கிறீர்கள்?

உங்கள் தையல்காரி

ஜூன் 15

தையல்காரம்மா,

எட்டு வயதுப் பிள்ளைக்கு மனநோயா? அந்த டீச்சருக்கு வேறு வேலையில்லை! நானும்தான் கிரேனில் ஏறும் முன் கொக்கியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். என் பிள்ளை என்னைப் போல இருக்கிறாள். நாளைக்கு நாலு பேர் வாயில் விழுந்தால் யார் பதில் சொல்வது? எங்கும் கூட்டிப் போகாதே.

உன்னவன்

ஜூன் 27

கோபக்காரருக்கு,

கூட்டிப் போய்விட்டேன். திட்டுவதானால் நேரில் வந்து திட்டுங்கள்.

கைப்பையால் முகத்தை மறைத்து உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒருத்தி செய்தித்தாளால் மறைத்திருந்தாள். பார்த்தால், நம் மகள் வகுப்பில் முதல் மார்க் வாங்கும் பெண்ணின் அம்மா! அந்தப் பெண் வீட்டில் வாயாடி, பள்ளியில் ஒரு வார்த்தை பேசாதாம். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, பிறகு அழுகையும்.

"எந்த வகுப்ப எடுத்தாலும் ரெண்டு மூணு பேராவது இருப்பாங்கம்மா. காய்ச்சல்னா ஓடி வர்றீங்க, இதுக்கு மட்டும் ஒளிஞ்சு வர்றீங்க" என்றார் டாக்டர்.

கொக்கியைத் தொட்டால் உங்கள் மனம் அடங்கிவிடுகிறது. பாவம், அவளுக்கு அடங்குவதில்லை.

உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. ஞாயிறுதோறும் போனில் "ரூமப் பூட்டியாச்சா அப்பா?" என்று கேட்கிறாளே, "பூட்டியாச்சுடா கண்ணு" என்கிறீர்களே, அந்தப் பதில்தான் பயத்துக்குத் தீனியாம். இனி சொல்லக்கூடாது. அவளிடமும் விளக்கிச் சொல்லியிருக்கிறோம். நீங்கள் ஒத்துழைக்காவிட்டால் நான் ஒருத்தி இழுத்து என்ன பயன்?

தையல்காரி

ஜூலை 14

தையல்காரிக்கு,

உன் கடிதத்தைக் கோபத்தில் மடித்துப் பெட்டிக்கடியில் போட்டேன். மறுபடி எடுத்துப் படித்தேன்.

ஞாயிறு கேட்டாள். பதில் நாக்கு நுனி வரை வந்தது. "சொல்லுப்பா, சொல்லுப்பா" என்று அழுதாள். "அதுக்கு மட்டும் பதில் சொல்ல மாட்டேன்டா. ஆனா போன வைக்க மாட்டேன்" என்றேன். அவள் அழுது ஓயும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

அப்புறம், "அப்பா, நீ சாப்பிட்டியா?" என்றாள்.

எத்தனை மாதமாயிற்று, அவள் அதைக் கேட்டு! போனை வைத்துவிட்டு அழுதேன்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது கூப்பிடு, நானும் போனில் இருக்கிறேன். கைப்பையை மடியில் வைத்துக்கொள்.

உன்னவன்